4060 கிரிஸ்டல் கடிகாரம்: துடிப்பு தாறுமாறாக வருகிறது, கையை அருகில் கொண்டுபோனால் வேகம் மாறுகிறது

#1 தகரப்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். சுவர்க் கடிகாரம் ஒன்றின் மின்சுற்று செத்துவிட்டது. பற்சக்கரங்களும் சுருளும் நன்றாக இருக்கின்றன. அதன் முட்களை நானே கட்டிய சுற்றால் ஓட்ட வேண்டும் என்று இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் படியாக நொடிக்கு ஒரு துடிப்பு வேண்டும்.

பிரெட்போர்டில் இருப்பவை: சிடி4060 ஐசி (அலையை உருவாக்கி, திரும்பத் திரும்பப் பாதியாக்கித் தருவது), பழைய பலகை ஒன்றிலிருந்து கழற்றிய 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (சின்ன உருளை வகை), 11ஆம் காலுக்கும் 10ஆம் காலுக்கும் குறுக்கே 10 மெகாஓம், கிரிஸ்டலின் இரு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிக்கோஃபாரட் மின்தேக்கிகள். மின்சாரம் 9 வோல்ட் பேட்டரி. 3ஆம் காலில் நேரடியாக ஓர் எல்இடி.

எல்இடி சில நேரம் வேகமாக மின்னுகிறது, சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. கையை ஐசியின் அருகே கொண்டுபோனாலே போக்கு மாறுகிறது. 11ஆம் காலில் ஆசிலோஸ்கோப்பின் முனையை வைத்தால் எல்லாம் நின்றுபோகிறது. கிரிஸ்டல் கெட்டுவிட்டதா?

#2 ஈயக்கம்பி

12ஆம் கால் எங்கே போகிறது?

#3 தகரப்பெட்டி

எங்கும் போகவில்லை. ரீசெட் எனக்குத் தேவைப்படாததால் விட்டுவிட்டேன்.

#4 ஈயக்கம்பி

அதுதான் முதல் குற்றவாளி. சிமாஸ் ஐசியின் உள்ளீட்டுக் காலைத் தொங்கவிட்டால் அது கிரவுண்டும் இல்லை, மின்னழுத்தமும் இல்லை; சுற்றிலும் இருக்கிற மின்புலத்தைப் பொறுத்து இங்கும் அங்கும் அலையும். உங்கள் கை அருகே வரும்போது அந்தப் புலம் மாறுகிறது. ரீசெட் நினைத்த நேரத்தில் உயர்ந்து எண்ணிக்கையை அழித்துவிடுகிறது. 4060இல் ரீசெட் உயர்ந்தால் அலையை உருவாக்கும் பகுதியான அலையியற்றியும் சேர்ந்தே நிற்கும். 12ஆம் காலைக் கிரவுண்டில் கட்டுங்கள்.

எல்இடிக்குத் தொடரில் மின்தடையே இல்லை என்பதையும் கவனித்தேன். அடுத்த படியில் 4013 (அலையைப் பாதியாக்கும் பகுதி இரண்டு கொண்ட ஐசி) போடப்போகிறீர்கள் என்றால், எல்இடி அந்தக் காலின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 4013 அதை உயர்நிலையாகவே ஏற்காமல் போகலாம். ஒரு சிறிய டிரான்சிஸ்டர் வழியாக எரியவிடுங்கள்.

#5 பழையரேடியோ

ஈயக்கம்பி சொன்னது சரி. அதோடு மூன்று விஷயங்கள்.

ஒன்று, 9 வோல்ட் வேண்டாம், 5 வோல்ட்டுக்கு வாருங்கள். உருளைக் கிரிஸ்டலின் உள்ளே இருப்பது இசைக்கவை வடிவில் செதுக்கிய மிகச் சிறிய குவார்ட்ஸ் துண்டு. இந்த வகையில் பெரும்பாலானவை தாங்கும் திறன் ஏறத்தாழ 1 மைக்ரோவாட்தான். அதற்கு மேல் தள்ளினால் கவையின் கரங்கள் அளவுக்கு மீறி ஆடும். அதிர்வெண் நிரந்தரமாக விலகிப்போகும், மோசமானால் கரமே முறியும். 10ஆம் காலுக்கும் கிரிஸ்டலுக்கும் நடுவே 330 கிலோஓம் தொடர் மின்தடை போடுவது இதற்காகத்தான். உங்கள் பட்டியலில் அது இல்லை.

இரண்டு, 11ஆம் காலை அளக்கவே அளக்காதீர்கள். ஆசிலோஸ்கோப்பின் பத்துக்கு ஒன்று முனையே பத்துப் பதினைந்து பிக்கோஃபாரட் சேர்க்கும். ஒன்றுக்கு ஒன்று நிலையில் நூறைத் தொடும். நீங்கள் போட்ட மின்தேக்கியே 22தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலைத் தொட்டதும் சுற்று வேறு சுற்றாகிவிடுகிறது, அதனால்தான் நின்றது. 9ஆம் காலிலோ 7ஆம் காலிலோ பாருங்கள். 7ஆம் காலில் நான்கு முறை பாதியாக்கிய அலை வரும்: 2,048 ஹெர்ட்ஸ்.

மூன்று, ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். 7ஆம் காலிலிருந்து 1 கிலோஓம் வழியாக ஒரு பீசோ தகட்டைக் கிரவுண்டுக்கு இணையுங்கள். 2,048 ஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகக் கேட்கும். அடுத்து 5ஆம் கால், 4ஆம் கால், 6ஆம் கால் என்று இதே வரிசையில் மாற்றிக்கொண்டே வந்தால் 1,024, 512, 256. ஒவ்வொரு மாற்றத்திலும் அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். சுருதி அசையாமல் ஒரே கோடாக நின்றால் கிரிஸ்டல் உயிரோடு இருக்கிறது. கரகரத்தால் அது கிரிஸ்டலின் ஓசை இல்லை, சுற்று தன்னிச்சையாக எதையோ ஆடுகிறது. பாதியாக்குதல் என்றால் என்ன என்று காதால் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

#6 மின்மினி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ஏன் எல்லாக் கடிகாரத்திலும் 32,768 என்ற விநோதமான எண்?

#7 பழையரேடியோ

கேள்வி நல்ல கேள்வி. 2ஐ 15 முறை பெருக்கினால் 32,768. எனவே 15 முறை பாதியாக்கினால் மிச்சமில்லாமல் 1 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். பாதியாக்குவதற்கு ஒரு ஃபிளிப்-ஃபிளாப் (இரு நிலைகளுக்கு நடுவே மாறி மாறித் தாவும் சுற்று) போதும், அதுதான் டிஜிட்டல் சுற்றில் மிக எளிய வேலை.

2இன் வேறு எந்த அடுக்காகவும் இருக்கலாமே என்றால், இருந்திருக்கிறது. 1969 டிசம்பரில் வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ ஆஸ்ட்ரான் 8,192 ஹெர்ட்ஸில் ஓடியது. அது 2இன் 13ஆம் அடுக்கு. அதிர்வெண் குறையக் குறைய கவை பெரிதாகும், ஓசையும் காதில் விழும் எல்லைக்குள் வரும். கூட்டினாலோ சிமாஸ் சுற்று இழுக்கும் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும், பொத்தான் பேட்டரி சீக்கிரம் தீரும். 32,768 இந்த இரண்டு தொல்லைகளுக்கும் நடுவில் அமைந்த எண்.

நான் இந்த வரலாற்றை மிகவும் நேசிக்கிறேன், இரண்டு வரி பொறுத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து வால்டர் கேடி குவார்ட்ஸைக் கொண்டு அலையியற்றி செய்தார். நாம் இன்று ஒரே ஒரு இன்வெர்ட்டரை (உள்ளீட்டைத் தலைகீழாக்கித் தரும் வாயில்) சுற்றிக் கட்டும் இந்த அமைப்புக்கு ஜார்ஜ் பியர்ஸின் பெயர். 1927இல் பெல் ஆய்வகத்தில் மாரிசனும் ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை ஓட்டினார்கள். இன்று தகரப்பெட்டியின் மேசையில் அது நான்கைந்து உதிரிகளில் அடங்குகிறது.

#8 தகரப்பெட்டி

12ஆம் கால் கிரவுண்டில். 5 வோல்ட். 330 கிலோஓம் போட்டாயிற்று. பீசோ தகட்டில் அந்த ஓசையைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. துளி அசையவில்லை.

ஆனால் 3ஆம் காலில் நொடிக்கு இரண்டு முறை மின்னுகிறது. கையை அருகில் கொண்டுபோனாலும் மாறவில்லை, ஆகவே தொங்கும் கால் பிரச்சினை தீர்ந்தது. இந்த இரண்டு முறை எதனால்?

#9 ஈயக்கம்பி

அது சரியான நடத்தை. 4060இல் 14 படிகள்தான். 32,768ஐ 16,384ஆல் வகுத்தால் 2. பதினைந்தாம் படிக்கு 4013இன் ஒரு பாதியைப் போடுங்கள். அதன் டி காலைத் தலைகீழ் வெளியீட்டோடு இணைத்தால் பாதியாக்கும். செட், ரீசெட் இரண்டையும் கிரவுண்டில் கட்ட மறக்காதீர்கள், இந்த முறை!

#10 சுருள்வில்

தகரப்பெட்டி கடிகார முட்களை ஓட்டப் போவதால் 4013இன் மறு பாதியும் பயன்படும். இதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தின் மோட்டாருக்கு ஒவ்வொரு நொடியும் ஒரு துடிப்பு போதாது. ஒரு நொடி நேர்த்திசை, அடுத்த நொடி எதிர்த்திசை என்று மாறி மாறி வர வேண்டும். ஒரே திசையில் கொடுத்தால் முள் ஒரு முறை துள்ளிவிட்டு நின்றுவிடும். மறு பாதியால் இன்னொரு முறை வகுத்தால் இரண்டு நொடிக்கு ஒரு சுழற்சி வரும் சதுர அலை கிடைக்கும். அது ஒவ்வொரு நொடியும் ஒரு முறை ஏறும் அல்லது இறங்கும். அந்த அலையை 74எச்சி04இன் (ஆறு இன்வெர்ட்டர் வாயில்கள் கொண்ட ஐசி) ஒரு வாயில் வழியாக எடுத்து, 470 ஓம், 47 மைக்ரோஃபாரட் இரண்டையும் தொடரில் வைத்துச் சுருளுக்குக் கொடுங்கள். சுருளின் மறுமுனை கிரவுண்டில். ஏறும்போது மின்தேக்கி நிரம்பும், மின்னோட்டம் ஒரு திசை. இறங்கும்போது அதே மின்தேக்கி காலியாகும், மின்னோட்டம் மறு திசை. இரண்டு நிலையிலும் சில பத்து மில்லிநொடிதான் பாயும், பிறகு தானே அடங்கிவிடும். மின்தேக்கியின் நேர்முனை வாயில் பக்கம் இருக்க வேண்டும். மீதி ஐந்து வாயில்களின் உள்ளீடுகளையும் கிரவுண்டில் கட்டுங்கள்.

பழைய ஐசியிலிருந்து சுருளை முழுவதும் துண்டித்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

#11 தகரப்பெட்டி

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். முள் நகர்கிறது! முதல் முறை நகர்ந்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சுருள்வில் ஐயாவுக்கு நன்றி, மறு பாதி யோசனை எனக்குத் தோன்றியே இருக்காது.

இப்போது புதிய கவலை. இணைய நேரத்தோடு ஒப்பிட்டால் சரியாக நான்கு நாளில் 37 நொடி பின்தங்கியிருக்கிறது. குவார்ட்ஸ் கடிகாரம் இவ்வளவு தவறுமா? அறை வெப்பத்தாலா?

#12 அணில்வால்

இதனால்தான் நான் அந்த இரண்டு மின்தேக்கிகளையும் போடுவதே இல்லை. அவை இல்லாமலும் ஓடும். பல சுற்று அப்படிச் செய்திருக்கிறேன். கழற்றிவிடுங்கள், வேகம் கூடும்.

#13 நிதானம்

முதலில் கணக்கைப் பார்ப்போம், அப்போதுதான் எதைச் சந்தேகிப்பது என்று தெரியும்.

நான்கு நாளில் 37 நொடி என்றால் நாளுக்கு 9.25 நொடி. நாளில் 86,400 நொடி. எனவே பிழை பத்து லட்சத்தில் 107 பங்கு. சாதாரணக் கிரிஸ்டலின் உறையில் சொல்லும் பிழை பத்து லட்சத்தில் 20. அது நாளுக்கு 1.7 நொடிதான். நீங்கள் ஐந்து மடங்குக்கு மேல் விலகியிருக்கிறீர்கள்.

வெப்பமாக இருக்க முடியுமா? இசைக்கவைக் கிரிஸ்டலின் அதிர்வெண் 25 டிகிரி செல்சியஸ் வாக்கில் உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து சூடானாலும் குறையும், குளிர்ந்தாலும் குறையும். குறைவு, விலகிய டிகிரியின் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கிய அளவு, பத்து லட்சத்தில். 35 டிகிரியில் 3.4 பங்கு, நாளுக்கு 0.3 நொடி. 107 பங்கு வர வேண்டும் என்றால் 56 டிகிரி விலக வேண்டும். உங்கள் அறை 81 டிகிரியில் இல்லை. வெப்பத்தை விட்டுவிடலாம்.

மிஞ்சுவது சுமை மின்தேக்கம். ஒரு கிரிஸ்டல் 32,768 என்று சொல்வது, தன் இரு முனைக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட மின்தேக்கம் இருக்கும்போது மட்டும்தான். கடிகாரக் கிரிஸ்டல்களில் 12.5 பிக்கோஃபாரட் மிகப் பரவலானது. 6, 7, 9 ஆகியவையும் உண்டு. சுற்று தரும் சுமை என்பது இரு மின்தேக்கிகளின் தொடர் மதிப்பும் கம்பி, ஐசி கால், பலகை ஆகியவற்றின் தேக்கமும் சேர்ந்தது. இரண்டும் 22 என்றால் தொடரில் 11. பிரெட்போர்டும் ஐசியும் 4 சேர்க்கும் என்று வைத்தால் 15.

12.5க்கான கிரிஸ்டலுக்கு 15 கொடுத்தால் பத்து லட்சத்தில் பதினாறு பங்கு அளவுக்கு மெதுவாகும், நாளுக்கு ஒன்றரை நொடி. 6க்கான கிரிஸ்டலுக்கு அதே 15ஐக் கொடுத்தால்? வழக்கமான உள்மதிப்புகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன்: 109 பங்கு. உங்கள் 107க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

அந்தக் கிரிஸ்டலை எதிலிருந்து கழற்றினீர்கள்?

#14 தகரப்பெட்டி

பேட்டரியில் ஓடும் சிறிய வெப்பமானிப் பலகை. அதில் கிரிஸ்டலுக்கு அருகில் இருந்த மின்தேக்கிகள் மிகச் சிறியவை, மதிப்பு எழுதவில்லை.

#15 நிதானம்

அப்படியென்றால் குறைந்த சுமை வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். மின்னோட்டத்தைச் சேமிக்க வேண்டிய கருவிகளில் 6, 7 வகையைத்தான் போடுவார்கள். சிறிய மின்தேக்கியை ஆட்ட சிறிய மின்னோட்டம் போதும்.

அணில்வால், உங்களோடு இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கழற்றினால் ஓடும், மறுக்கவில்லை. இன்வெர்ட்டர் 180 டிகிரி திருப்புகிறது. மீதி 180 டிகிரியைக் கிரிஸ்டலும் இரு மின்தேக்கிகளும் சேர்ந்துதான் திருப்ப வேண்டும். மின்தேக்கிகளை எடுத்தால் அந்த வேலை பலகையின் தேக்கத்தின் மேல் விழும். அது கம்பியை நகர்த்தினால் மாறும், ஈரப்பதத்தால் மாறும். ஓடும் சுற்று வேறு, நேரம் காட்டும் சுற்று வேறு. தகரப்பெட்டி கட்டுவது கடிகாரம்.

#16 அணில்வால்

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒரு சந்தேகம். டிஎஸ்1307 போன்ற கடிகார ஐசியில் கிரிஸ்டலை மட்டும்தானே இணைக்கிறோம்? மின்தேக்கி போடவேண்டாம் என்றே சொல்கிறார்கள். நான் கற்றுக்கொண்டது அங்கிருந்துதான்.

#17 நிதானம்

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. டிஎஸ்1307இன் உள்ளேயே மின்தேக்கிகள் இருக்கின்றன, 12.5 வகைக் கிரிஸ்டலுக்கென்றே அமைத்தவை. வெளியே இன்னும் இரண்டு போட்டால் கடிகாரம் மெதுவாகும். 4060இன் உள்ளே அப்படி எதுவும் இல்லை. இரண்டு ஐசிக்கும் ஒரே விதி பொருந்தாது. உங்கள் கேள்வியால் இந்த இழைக்குப் பெரிய பயன், பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

#18 ஈயக்கம்பி

தகரப்பெட்டிக்கு இரண்டு வழி. அதே கிரிஸ்டலை வைத்துக்கொண்டு மின்தேக்கிகளைக் குறைக்கலாம். பற்றவைத்த பலகையில் தேக்கம் 2.5 என்று வைத்தால் 6ஐ எட்ட இரண்டும் 6.8 போதும். ஆனால் குறைந்த சுமை வகையில் ஒவ்வொரு பிக்கோஃபாரட் பிசகும் நாளுக்கு இரண்டு நொடிக்கு மேல் தள்ளும், 12.5 வகையில் முக்கால் நொடிக்கும் குறைவு. புதிதாகக் கற்பவருக்கு நான் 12.5 வகையைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் நிலையான 22, மறுபக்கம் டிரிம்மர், அதாவது 5 முதல் 30 வரை திருகி மாற்றக்கூடிய மின்தேக்கி.

எதுவானாலும் பிரெட்போர்டிலிருந்து இறங்குங்கள். பற்றவைக்கும்போது கிரிஸ்டலின் காலை அடிக்கு ஒட்டி மடக்காதீர்கள், கண்ணாடி அடைப்பு விரிசல் விட்டால் உள்ளே காற்று புகுந்துவிடும். கிரிஸ்டலும் இரு மின்தேக்கிகளும் ஐசியை ஒட்டியே இருக்கட்டும், மின்தேக்கிகளின் கிரவுண்ட் 8ஆம் காலுக்கு நேராகப் போகட்டும். 16க்கும் 8க்கும் குறுக்கே 100 நானோஃபாரட். முடிந்ததும் பற்றவைப்புப் பசையின் கறையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் பிரஷ் கொண்டு துடையுங்கள். 10 மெகாஓம் மின்தடைக்கு இணையாக ஈரம் இழுத்த கறை ஒன்று கிடந்தால் அதுவும் ஒரு மின்தடைதான். அல்ட்ராசோனிக் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். அந்த அதிர்வு கவையையே உடைத்துவிடக்கூடும்.

#19 மின்மினி

நானும் கூடவே கட்டிக்கொண்டிருக்கிறேன். மின்சாரம் கொடுத்தவுடன் ஓடவில்லை, ஒரு நொடி கழித்துத்தான் ஓசை வருகிறது. தவறா?

#20 பழையரேடியோ

தவறில்லை. குவார்ட்ஸ் கவை மிகக் குறைந்த இழப்போடு ஆடக்கூடியது, அதனால்தான் சுருதி அசைவதில்லை. அதே காரணத்தால் அசைவற்ற நிலையிலிருந்து முழு வீச்சுக்கு வரவும் பல ஆயிரம் ஆட்டங்கள் தேவை. பெரிய கோவில் மணியை ஒரு விரலால் தள்ளி ஆட்டத் தொடங்குவதுபோல. ஐந்து நொடி ஆகியும் வராவிட்டால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

#21 தகரப்பெட்டி

பற்றவைத்துவிட்டேன், 12.5 வகைக் கிரிஸ்டலோடு. டிரிம்மரை நடுவில் வைத்து விட்டேன். மூன்று நாளில் 2 நொடி முந்துகிறது. ஒரு விசித்திரம்: திருப்புளி டிரிம்மரில் இருக்கும்போது 9ஆம் காலில் கவுண்டர் (அதிர்வெண் அளக்கும் கருவி) ஓர் எண் காட்டுகிறது, எடுத்ததும் வேறு எண்.

#22 நிதானம்

உலோகத் திருப்புளியும் உங்கள் கையும் தேக்கம் சேர்க்கின்றன. பிளாஸ்டிக் திருப்புளி பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் திருகிவிட்டு விலகி நின்று பாருங்கள். இன்னொன்று: சாதாரணக் கவுண்டரின் சொந்தக் கிரிஸ்டலே இதைவிட மோசமாக இருக்கலாம். நாட்களால் அளப்பதுதான் நம்பகமானது. வாரத்தில் ஒரு நொடி என்பது பத்து லட்சத்தில் 1.65 பங்கு, இத்தனை நுணுக்கமாக அளக்கப் பொறுமை மட்டுமே போதும்.

மூன்று நாளில் 2 நொடி முந்தினால் ஏறத்தாழ 8 பங்கு. சுமையை ஒரு பிக்கோஃபாரட் கூட்ட வேண்டும். டிரிம்மர் 22உடன் தொடரில் இருப்பதால், டிரிம்மரில் நான்கு அளவுக்குக் கூட்டினால்தான் சுமையில் ஒன்று கூடும். சிறிதாகத் திருகுங்கள், மூன்று நாள் காத்திருங்கள். கோடையோ குளிரோ எந்தப் பக்கம் விலகினாலும் மெதுவாகத்தான் போகும் என்பதால், 25 டிகிரியில் மயிரிழை முந்தும்படி விடுவது நல்லது.

#23 சுருள்வில்

சரியான இடம் கிடைத்ததும் டிரிம்மரின் திருகு விளிம்பில் நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். பற்சக்கரத்தின் தட்டலில் நாளடைவில் திருகு நகரும்.

#24 தகரப்பெட்டி

இரண்டு முறை திருகினேன். கடைசியாகத் திருகி இன்றோடு பத்து நாள். இணைய நேரத்தின் நொடியும் என் முள்ளின் தட்டலும் ஒன்றாகக் கேட்கின்றன; அரை நொடி கூட விலகல் இல்லை. நகப்பூச்சு காய்ந்துவிட்டது. பலகையை மூடிக் கடிகாரத்தின் முதுகில் திருகிவிட்டேன். பழைய கிரிஸ்டலையும் எறியவில்லை, 6.8 மின்தேக்கிகள் கிடைத்ததும் அதற்கென்று தனிப் பலகை ஒன்று பற்றவைக்கப் போகிறேன். அந்த 109 கணக்கு சரிதானா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.